மெயின் பிளேயருக்கு எத்தனை நிமிடம்?

பன்னாட்டு விதிப்படி ஒரு கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம். பத்து நிமிடக் கால் பகுதிகள் நான்கு. களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர். ஆகவே ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பது 200 ஆள்-நிமிடங்கள். அதைப் பங்கிட்டுக்கொள்ள 12 பேர் வரை அணியில் இருக்கலாம். ஆளை மாற்றுவதற்கு உச்சவரம்பு கிடையாது. நடுவர் விசில் ஊதி ஆட்டம் நின்றிருந்தால் போதும். வெளியே வந்தவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப உள்ளே போகலாம். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் பார்க்கும் திண்டுக்கல் ரசிகருக்குத் தெரியும்: எவ்வளவு பெரிய பந்துவீச்சாளரானாலும் இருபது ஓவர் ஆட்டத்தில் நான்கு ஓவருக்கு மேல் வீச முடியாது, விதியே அவரை நிறுத்திவிடும். கூடைப்பந்தில் அப்படி நிறுத்தும் விதி இல்லை. ஐந்து ஃபவுல் ஆகாதவரை ஒருவரை முழு ஆட்டமும் களத்தில் வைத்திருக்கலாம். எப்போது உட்காரவைப்பது என்பது முழுக்க முழுக்கப் பயிற்சியாளரின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு கனமானது. திண்டுக்கல் வட்டாரத்துப் பள்ளி அணியோ கிளப் அணியோ, பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். அவரைத்தான் பிள்ளைகள் 'மெயின் பிளேயர்' என்கிறார்கள். பந்தை மேலே கொண்டுபோவது அவர். நெருக்கடியில் ரிங்கை நோக்கி ஏறுவது அவர். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிப்பதும் அவரே. அவரை வெளியே எடுத்த இரண்டு நிமிடத்தில் எட்டுப் புள்ளி பறிபோன அனுபவம் எந்தப் பயிற்சியாளருக்கும் இருக்கும். "இன்னும் முடியும் சார்" என்று அவரும் சொல்வார், உண்மையிலேயே முடியாதபோதுகூட. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், பிறகு ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளில் வேலை என்று அவர் வீட்டின் நம்பிக்கையே அந்தக் கால்களின் மேல் நிற்கும்போது, முழங்கால் வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்வது பதினேழு வயதுப் பையனுக்கு லேசான காரியமல்ல. அதனால், அவர் சொல்லும்வரை காத்திருக்கும் பயிற்சியாளர் தாமதமாகவே அறிந்துகொள்வார்.

கூடைப்பந்தின் அசைவுகளைப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று புரியும். ஓடிவந்து சட்டென்று நிற்பது, பக்கவாட்டில் வெட்டித் திரும்புவது, குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது ஆகியவை ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை நடக்கின்றன. கால் புதிதாக இருக்கும்போது தொடைத் தசைகள் இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. முழங்கால் மடங்கி, உடல் மெத்தென்று தரையைத் தொடும். களைத்தபின் தசை சற்றுத் தாமதிக்கும். முழங்கால் மடங்காமல் விறைப்பாக இறங்கும், அல்லது உள்பக்கமாகச் சாயும். தசை ஏற்காத பாரம் மூட்டுக்குள் இருக்கும் நார்களுக்குப் போகிறது. ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் நடுநார் அறுவது பெரும்பாலும் யாரும் மோதாமலே, இப்படி நிற்கும்போதோ இறங்கும்போதோதான் நடக்கிறது. பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கூடைப்பந்தில் மிக அதிகமாக நேர்வது கணுக்கால் சுளுக்கு. இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கினால் அது யாருக்கும் வரும். மூன்றாவது வகை மெதுவாக வருவது: முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் வலி, கெண்டைக்கால் இறுக்கம், கணைக்கால் எலும்பில் நோவு. இந்த மூன்றாவது வகைதான் நிமிடக் கணக்கோடு நேரடியாகக் கட்டுண்டது. ஒரே நாளில் வராது, ஒரே நாளில் போகவும் போகாது.

களைப்பு காயத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, தோல்வியையும் கொண்டுவருகிறது. களைத்த கையின் ஃப்ரீ த்ரோ வளையத்தின் முன்விளிம்பில் அடித்துத் திரும்பும். களைத்த கால் எதிராளிக்கு முன்னால் போய் நிற்காது. கைதான் நீளும், ஃபவுல் விழும். ஆகவே ஓய்வும் வெற்றியும் எதிரெதிர் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. நான்காம் கால் பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு மெயின் பிளேயரைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நிமிட நிர்வாகத்தின் நோக்கம்.

இந்தக் கேள்வி திண்டுக்கல் சமவெளியில் ஏன் கூர்மையாகிறது என்பதற்கு நிலவரைபடமே பதில் சொல்லும். மேற்கே, வத்தலக்குண்டைத் தாண்டிப் போனால் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது ஆண்டுகளைக் கடந்தது. மே மாதத்தில் மின்னொளியில் நடக்கும் அந்த ஆட்டங்களைப் பார்க்க வங்கி, கடற்படை, விமானப்படை, மின்வாரிய அணிகளின் பெயர் சொல்லிக் கூட்டம் கூடும். வடக்கே வேடசந்தூர் வழியாகப் போனால் கரூர், அங்கே எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை, அதுவும் கோடையில். பழனி வழியாகப் போனால் கோவை. அங்கே ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. கோப்பை. ஒரே ஆட்டக்காரர்கள் ஓர் ஊரில் இறுதி ஆட்டம் ஆடி, இரவுப் பயணத்தில் தூங்கி, அடுத்த ஊரில் இறங்கி மறுபடி ஆடும் சுற்று இது. பெரியகுளத்திலிருந்து கரூருக்குப் போகும் அணியின் வண்டி திண்டுக்கல்லைத் தொட்டுத்தான் போயாக வேண்டும். ஒரு போட்டிக்குள்ளேயே முதலில் நாக்-அவுட், பிறகு லீக் என்று வைத்தால் ஒரு வாரத்தில் நான்கைந்து ஆட்டம் வந்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 38 நிமிடம் ஆடும் வீரர் ஏறத்தாழ மூன்று மணி நேர முழுவேக ஆட்டத்தை ஏழு நாளுக்குள் அடக்குகிறார். பெரிய அணிகளுக்கு இதைச் சமாளிக்க ஆள்பலம் உண்டு. அவர்களைப் பார்த்து வளரும் மாவட்ட அணிகளுக்கு இல்லை.

மாவட்டப் பையன்களின் ஆண்டை எடுத்துக்கொண்டால் இன்னொரு பெரிய விரிசல் தெரியும். மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு, அதைத் தொட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வு. இரண்டு மூன்று மாதம் பந்தையே தொட விடமாட்டார்கள். தேர்வு முடிந்த மறுநாள் கோடைப் பயிற்சி முகாம். காலையும் மாலையும் ஆட்டம். இரண்டாம் வாரத்தில் போட்டி. காயங்கள் குவிவது இந்த இடத்தில்தான். இதை நிமிடக் கணக்கு மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது, சுமையின் ஏற்றத்தைப் பார்க்க வேண்டும்.

சுமையை அளக்க ஜி.பி.எஸ். கருவியோ கணினியோ தேவையில்லை. அமெரிக்க உடலியல் அறிஞர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய முறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஆட்டக்காரரிடம் ஒரு கேள்வி: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்று எவ்வளவு கடினமாக இருந்தது? அந்த எண்ணை ஆடிய நிமிடத்தால் பெருக்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சிக்கு 6 என்று சொன்னால் அன்றைய சுமை 540. வாரத்தில் ஐந்து நாள் அப்படி ஆடினால் 2,700. தேர்வுக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம், கடினம் 4 என்றால் அந்த வாரத்தின் மொத்தம் 240. மே முகாமில் காலை இரண்டு மணி, மாலை இரண்டு மணி, கடினம் 7 என்றால் ஒரு நாளுக்கே 1,680. ஆறு நாளில் 10,080. இருநூற்று நாற்பதிலிருந்து பத்தாயிரத்துக்கு ஒரே தாவல். இப்படித் தாளில் எழுதிப் பார்த்த பிறகு அந்த முகாமின் கால அட்டவணையை யாரும் அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபெட் 2016-இல் இந்தத் தாவலுக்கு ஓர் அளவுகோல் வைத்தார். இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்தால் வரும் எண் 0.8-க்கும் 1.3-க்கும் இடையில் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்றார். அந்த எண்களைக் கணித அடிப்படையிலேயே மறுத்து வேறு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைக் காயத்தை முன்கூட்டிச் சொல்லும் மந்திரமாக நம்பக் கூடாதுதான். ஆனால் உடல் பழகாத வேலையை உடலிடம் திடீரென்று கேட்கக் கூடாது என்ற அடிப்படையை அந்த மறுப்புகள் அசைக்கவில்லை. கேபெட் சொன்ன இன்னொன்றையும் மறக்கக் கூடாது: படிப்படியாக ஏற்றப்பட்ட கடும் பயிற்சி காயத்துக்கு எதிரான காப்பு. குறைவாக ஆடுபவரே பாதுகாப்பானவர் என்றில்லை. வாரம் முழுதும் உட்காரவைத்துவிட்டு இறுதி ஆட்டத்தில் மட்டும் இறக்கப்படும் வீரரும் தாவலுக்குத்தான் ஆளாகிறார். தேர்வுக் காலத்தில்கூட வாரம் மூன்று நாள் இருபது இருபது நிமிடம் கயிறு தாண்டுவதும் உட்கார்ந்து எழுவதும் ஓடுவதும் தொடர்ந்தால் மே மாதத்தின் பள்ளம் பாதி நிரம்பிவிடும்.

ஆட்டத்துக்குள் நிமிடத்தைக் குறைப்பதில் தொழில்நுணுக்கம் உண்டு. கூடைப்பந்தின் கடிகாரம் ஒவ்வொரு விசிலுக்கும் நிற்பதால் 40 நிமிட ஆட்டம் முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கால் பகுதி இடைவேளையை ஓய்வின் நடுவில் வைத்தால், கடிகாரத்தில் கொஞ்சமே செலவழித்து நிஜத்தில் நிறைய ஓய்வு வாங்கலாம். முதல் கால் பகுதியில் மூன்று நிமிடம் பாக்கி இருக்கும்போது மெயின் பிளேயரை வெளியே எடுக்க வேண்டும். பிறகு இரண்டு நிமிட இடைவேளை. இரண்டாம் கால் பகுதியில் இரண்டு நிமிடம் ஓடியபின் உள்ளே அனுப்ப வேண்டும். அவர் இழந்த ஆட்ட நேரம் ஐந்தே நிமிடம்; நடுவில் விழுந்த ஃபவுல், டைம்-அவுட் எல்லாம் சேர்த்து அவருக்குக் கிடைத்த ஓய்வு சுமார் பத்து நிமிடம். மூன்றாம் கால் பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மறுபடி எடுத்து, நான்காம் பகுதியில் இரண்டு நிமிடம் கழித்து இறக்கினால் இன்னொரு நான்கு நிமிடம். மொத்தம் ஒன்பது நிமிடம் வெளியே, 31 நிமிடம் உள்ளே. கடைசி எட்டு நிமிடமும் அவர் களத்தில் இருக்கிறார். இதையே நான்காம் பகுதியின் நடுவில், அவர் இடுப்பில் கைவைத்துக் குனிந்து நிற்கும்போது யோசிக்க ஆரம்பித்தால், எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

இந்தக் கணக்கை யாராவது எழுத வேண்டும். அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட் இதில் உதவாது. ஒருவர் களத்தில் இறங்கினார் என்பதற்கு அவர் பெயருக்கு நேரே ஒரு சிறு பெருக்கல் குறி, முதல் ஐவருக்கு அதைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். எத்தனை நிமிடம் ஆடினார் என்பது அதில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் ஒருவரிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கடிகாரத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் வேலை முடிந்தது. அப்படி எழுதும் பையன் ஆட்டத்தையும் கற்றுக்கொள்கிறான்.

சிக்கல் இன்னும் ஒரு படி மேலே இருக்கிறது. அதே மாணவர் பள்ளிக்கு ஆடுகிறார், ஊர் கிளப்புக்கு ஆடுகிறார், மாவட்ட அணிக்குத் தேர்வாகிறார், முதலமைச்சர் கோப்பையில் ஆடுகிறார். பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்கூட வரும். உயரமான பையன் என்றால் கைப்பந்துக்கும் உயரம் தாண்டுதலுக்கும் அவரையே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் அணியில் அவர் ஆடிய நேரத்தை மட்டும் பார்த்து, அதிகமில்லையே என்கிறார். கூட்டிப் பார்க்க ஆளில்லை. அந்த நோட்டுப் புத்தகம் பயிற்சியாளரிடம் இருப்பதைவிட ஆட்டக்காரரிடமே இருப்பதுதான் சரி. அவர் எந்த அணிக்குப் போனாலும் கணக்கு அவரோடு போகும்.

மெயின் பிளேயருக்கு ஒன்பது நிமிட ஓய்வு கொடுத்துவிட்டுத் தோற்காமல் இருப்பது ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆட்டக்காரர்களின் கையில் இருக்கிறது. 200 ஆள்-நிமிடத்தை எட்டுப் பேருக்கு 31, 30, 28, 26, 24, 24, 20, 17 என்று பிரித்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் பயிற்சியில் எப்போதும் முதல் ஐவர் ஒரு பக்கம், மீதிப் பேர் எதிர்ப் பக்கம் என்று ஆடவைத்தால் அந்த எட்டாவது பையனுக்கு மெயின் பிளேயரோடு சேர்ந்து ஆடவும் தெரியாது, அவர் இல்லாமல் ஆடவும் தெரியாது. வாரத்தில் ஒரு நாளாவது மெயின் பிளேயரை வெளியே உட்காரவைத்து, எட்டுப் புள்ளி முன்னிலை, நான்கு நிமிடம், அதைக் காப்பாற்று என்று மற்றவர்களுக்குப் பணி கொடுக்க வேண்டும். அந்த நான்கு நிமிடத்துக்கு ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, 24 விநாடியையும் பயன்படுத்தி நிதானமாக ஆடலாம். மண்டலத் தடுப்புக்கு மாறலாம். நிமிட நிர்வாகம் பலிக்காத அணிகளில் பெரும்பாலும் பெஞ்ச் தயாராகியிருக்காது. மெயின் பிளேயரின் ஓய்வின் மேல் பழிபோடுவது சுலபமாக இருப்பதால் அதைச் செய்கிறார்கள்.

கூடைப்பந்தை விட்டு ஒரு கணம் கிரிக்கெட்டைப் பார்த்தால் இதற்கு நல்ல சான்று கிடைக்கும். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் ஜஸ்பிரீத் பும்ரா 150 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தார். ஐந்தாவது டெஸ்டில், சிட்னியில், முதுகு பிடித்துக்கொண்டு கடைசி இன்னிங்ஸில் பந்தே வீச முடியாமல் போனது. சாம்பியன்ஸ் டிராபியையும் இழந்தார். 2025 கோடையில் இங்கிலாந்துக்குப் போகும்போதே ஐந்து டெஸ்டில் மூன்றுதான் ஆடுவார் என்று முடிவாகியிருந்தது. அதற்குக் கடுமையான விமர்சனம் எழுந்தது. அவர் ஆடாத இரண்டு டெஸ்டையும், பர்மிங்ஹாமிலும் ஓவலிலும், இந்தியா வென்றது. பர்மிங்ஹாமில் அவர் இடத்தில் இறங்கிய ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தார். பும்ரா இல்லாதது நல்லது என்று இதற்குப் பொருளில்லை. அவர் இல்லாத நாளுக்கும் ஆள் தயாராக இருந்தது என்பதே பொருள். அதே தொடரில் முகமது சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடி ஓவலில் கடைசி விக்கெட்டையும் எடுத்தார். உடலுக்கு உடல் தாங்கும் அளவு வேறு. பும்ராவின் கணக்கைச் சிராஜுக்குப் போடக் கூடாது.

அமெரிக்காவின் என்.பி.ஏ. இந்த விவகாரத்தின் பெரிய சோதனைக்கூடம். அங்கே ஆட்டம் 48 நிமிடம். பருவத்துக்கு 82 ஆட்டம். 1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார்; கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு விநாடியும் உட்காரவில்லை. வேகமும் தடுப்பின் நெருக்கமும் கூடிய இன்றைய ஆட்டத்தில் அது நடக்காது. 2012 நவம்பரில் சான் ஆன்டோனியோ அணியின் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச், மியாமியில் ஆட வேண்டிய பெரிய ஆட்டத்துக்கு முன் டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் விமானத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என்.பி.ஏ. அந்த அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. பாப்போவிச் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 2013-14 வழக்கப் பருவத்தில் அவருடைய அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. 2014-இல் அதே மியாமியை 4-1 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது அந்த அணி. 2018-19-இல் டொராண்டோ அணி காவாய் லெனார்டை 82-இல் 60 ஆட்டம் மட்டும் ஆடவைத்து, தன் முதல் கோப்பையை வென்றது.

எதிர்த் திசையில் இரண்டு காட்சிகள் பயிற்சியாளர்கள் மனத்தில் இருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 28. சிகாகோவின் டெரிக் ரோஸ், அதற்கு முந்தைய ஆண்டின் மிகச் சிறந்த வீரர், வயது 23. ஆட்டம் முடிய 1 நிமிடம் 22 விநாடி. சிகாகோ 12 புள்ளி முன்னிலை. களத்திலேயே வைக்கப்பட்டிருந்த ரோஸ் ரிங்கை நோக்கிப் போய் இரு காலிலும் நின்ற கணத்தில் இடது முழங்காலின் ஏ.சி.எல். அறுந்தது. பழைய ரோஸ் திரும்ப வரவேயில்லை. 2013 ஏப்ரல் 12. லாஸ் ஏஞ்சலிஸ் அணியைப் பிளே-ஆஃபுக்குள் தள்ள, 34 வயது கோபி பிரையன்ட் ஆட்டத்துக்கு ஆட்டம் 40 நிமிடத்துக்கும் மேலாக ஆடிக்கொண்டிருந்தார். அன்று 45-ஆவது நிமிடத்தில் குதிகால் நாண் அறுந்தது. முதல் காட்சியில் தேவையே இல்லாத நிமிடங்கள். இரண்டாவதில் தேவை இருந்தும் உடல் தாங்காத நிமிடங்கள். நம்மூர்ப் போட்டிகளில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை. முதல் சுற்றில் முப்பது புள்ளி முன்னிலையில் இருக்கும் அணியின் மெயின் பிளேயர் கடைசி நிமிடம்வரை ஆடிக்கொண்டிருப்பார். கூட்டம் கைதட்டுகிறது, 'சிறந்த வீரர்' பரிசுக்குப் புள்ளி சேர வேண்டும். இது மாற வேண்டும். மூன்றாம் கால் பகுதி முடிவில் இருபது புள்ளி முன்னிலை என்றால் அவர் பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும் என்று அணிக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தாலே வாரத்தில் இருபது நிமிடம் மிச்சம்.

ஓய்வு ஒன்றே மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. நட்சத்திரங்கள் அடிக்கடி ஆடாமல் போவதால் ரசிகர்கள் ஏமாறுகிறார்கள் என்று 2023-இல் என்.பி.ஏ. விதியை இறுக்கியது, பெரிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்றது. 2024 ஜனவரியில் அது அணிகளுக்கு அனுப்பிய, பத்துப் பருவத் தரவுகளை வைத்த அறிக்கை, ஆட்டங்களைத் தவிர்ப்பதால் பின்னால் காயம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. ஏற்கெனவே வலியோடு இருப்பவருக்கே அதிக ஓய்வு கொடுக்கப்படுவதால் இந்தத் தரவைப் படிப்பது கடினம். இருந்தாலும் அந்த அறிக்கை தள்ளிவிடக் கூடியதல்ல. ஆட்டத்தை முழுதாகத் தவிர்ப்பதைவிட, ஆடும் ஆட்டத்தில் நிமிடத்தைச் சீராக்குவதும், தாவலைத் தடுப்பதும், உடலைத் தயார்செய்வதும் நம்பகமான வழிகள்.

தயார்செய்வதற்கு வலுவான ஆதாரம் உண்டு. கால்பந்துக்காக உருவான 'ஃபிஃபா 11+' என்ற இருபது நிமிட வார்ம்-அப், சமநிலை, குதித்து இறங்கும் முறை, தொடை வலு ஆகியவற்றைச் சேர்த்தது. இத்தாலியக் கூடைப்பந்து வீரர்களிடம் 2012-இல் சோதித்தபோது காயங்களைக் கணிசமாகக் குறைத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1,460 பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கயிறு கட்டும் கணுக்கால் உறை அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் அணியாதவர்களைப்போல் மூன்றில் ஒரு பங்கே வந்தது. தூக்கத்தின் கணக்கும் தெளிவு: 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பதின்வயது விளையாட்டு மாணவர்களுக்குக் காயம் 1.7 மடங்கு. இரவு பதினொரு மணிக்கு இறுதி ஆட்டம் முடித்து, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, காலை ஆட்டத்துக்கு இறங்கும் பையனுக்கு அன்று இருபது நிமிடமே அதிகம்.

வெயிலையும் நிமிடமாகத்தான் எண்ண வேண்டும். கோடையில் திண்டுக்கல் சமவெளியில் 38 டிகிரி சாதாரணம். சிமென்ட் களம் பகலெல்லாம் குடித்த சூட்டை மாலை ஆறு மணிக்கும் காலணி வழியே திருப்பித் தரும். பகல் ஆட்டத்தில் மெயின் பிளேயரின் ஓய்வுகளை நீளமாக்குவதைவிட எண்ணிக்கையில் கூட்டுவது பயன் தரும்: இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று அடிக்கடி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் இழந்த நீர் தெரியும். 60 கிலோ பையன் 1.2 கிலோ குறைந்திருந்தால் அது உடல் எடையில் இரண்டு சதவீதம். அதற்கு மேல் வேகமும் கவனமும் சரிகின்றன. உப்புப் போட்ட மோரும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் போதும். உடல் வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்பதால், முகாமின் முதல் வாரம் பாதிச் சுமையில் நடக்க வேண்டும். தலைசுற்றி, பேச்சு குழறி, உடல் கொதிக்கும் வீரரை ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

காயத்திலிருந்து திரும்புபவரின் நிமிடங்களுக்குத் தனிக் கண்டிப்பு தேவை. கணுக்கால் சுளுக்கிய பையன் வலி போனதும் வந்துவிடுவார். வலி போவதும் நார் வலுவாவதும் ஒன்றல்ல. ஒற்றைக் காலில் குதித்து மூன்று விநாடி அசையாமல் நிற்கவும், நல்ல காலுக்கு இணையாகத் தாவவும் முடிகிறதா என்று பார்த்தபின்பே ஆட்டம். ஏ.சி.எல். அறுவை செய்தவருக்கு, 2016-இல் வெளியான நார்வே ஆய்வின்படி, ஒன்பது மாதம்வரை திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடுவதும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. அணித் தேர்வு நாள் நெருங்குகிறது என்று ஆறாம் மாதம் இறக்குவது அந்த அறுவையையே வீணாக்கும். திரும்பிய முதல் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அதுவும் மூன்று நான்கு துண்டாக; மறுநாள் மூட்டு வீங்கவில்லை என்றால் அடுத்த ஆட்டத்தில் இருபது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அவர் பெஞ்சில் உட்கார்ந்து குளிர்ந்துபோகாமல், களத்தின் ஓரத்தில் சைக்கிளிலோ கயிற்றிலோ உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டும். அவர் ஆடவேண்டிய நிமிட எண்ணிக்கையை ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளர், ஆட்டக்காரர், பெற்றோர், பிசியோதெரபிஸ்ட் நால்வரும் பேசி முடித்து, நிமிடம் எழுதும் ஜூனியரின் தாளில் முதல் வரியாக எழுதிவைக்க வேண்டும்.